ஏழாம் நம்பர் கொடிமேடை

கொழிஞ்சிக்காட்டுப் பந்தயத் தடத்தில் மழை பெய்தால், கார் ஓட்டுகிற பதினெட்டுப் பேரும் சென்னியப்பன் ஆகிவிடுவார்கள். வெயில் அடித்தால் மறுபடி அவரவர். இதெல்லாம் ஒளிவுமறைவான காரியமில்லை. பந்தயச் சங்கத்தின் அனுமதியோடு, சட்டப்படி, முத்திரை குத்தி நடப்பதுதான்.

பொள்ளாச்சிக்கு மேற்கே, ஆனைமலை கைக்கெட்டுவது போல நிற்கிற இடம் அது. ஆனி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கூடவே சாரலையும் கூட்டி வரும். ஐந்து நிமிஷம் வெயில், மூன்று நிமிஷம் சாரல், அப்புறம் தனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி வானம் நீலமாக நிற்கும். வருஷத்தின் முதல் பந்தயத்தை இந்த ஊரில் இந்த மாதத்தில் வைக்கலாம் என்று முடிவு செய்த புண்ணியவான் யாராக இருந்தாலும், அவர் கார் ஓட்டியவராக இருக்க முடியாது. முன்பெல்லாம் அந்த ஒரு நாளில் நான்கைந்து கார்கள் வேலியில் போய் விழும். சில வருஷம் ஆளும் போனதுண்டு.

அதனால்தான் மழைக்கை வந்தது. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது. முழங்கை வரை ஒரு மெல்லிய உறை, கணுக்காலுக்கு ஒன்று. தடம் நனைந்ததும் அது விழித்துக்கொள்ளும். சென்னியப்பன் ஒன்பது வருஷம் மழையில் ஓட்டிய ஒவ்வொரு சுற்றும் அதற்குள் இருந்தது. எந்த வளைவில் அவர் கை எவ்வளவு திரும்பியது, கால் எப்போது பிரேக்கைத் தொட்டது, எல்லாம். அதை மழைக்கை சின்னச் சின்ன மின்துடிப்பாக அந்த ஓட்டுநர்களின் தசைக்குச் சொல்லும். தசையும் சொன்னபடி கேட்கும். மழையில் அவரைப் போல ஓட்டியவர் இந்த நாட்டில் இல்லை என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. மழைக்கை வந்த இந்த நான்கு வருஷத்தில் ஈரத் தடத்தில் ஓர் உயிரும் போகவில்லை.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. பந்தயத்தை விட்டுப் பதின்மூன்று வருஷமாகிறது. முதல் பந்தயத்துக்கு மட்டும் வந்துவிடுவார். மழைக்கைக் கம்பெனி கூப்பிடும், மாலை போடும், அவரும் குனிந்து வாங்கிக்கொள்வார்.

சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டம் சாரலில் முடிந்தது. அணிகளின் கொட்டகையில் மழைக்கைக் கம்பெனியின் பொறியாளர் ரெஹானா கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டுச் சென்னியப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கலாமணி வந்தார்.

கலாமணி ஏழாம் நம்பர் கொடிமேடையின் தலைமை மார்ஷல். தடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு மேடைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கைந்து மார்ஷல்கள் நின்று, முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடியை ஆட்டுவார்கள், கவிழ்ந்த காரை ஓடிப்போய்த் தள்ளுவார்கள். சம்பளம் கிடையாது. ஒரு பனியன், மத்தியானம் ஒரு பிரியாணிப் பொட்டலம், பந்தயத்தை மற்ற எவரையும்விடப் பக்கத்தில் நின்று பார்க்கிற பாக்கியம், அவ்வளவுதான். வேலை முடிந்தால் எல்லாரும் கொடியை மேடையிலிருக்கும் குழாயில் செருகிவிட்டுப் போவார்கள். கலாமணி மட்டும் செருகுவதில்லை. சாப்பிடும்போதும் மடியில் வைத்திருப்பார். வீட்டில் தினமும் காலையில் நூறு தடவை கொடி தூக்கிப் பழகுகிறார் என்று சொல்வார்கள். கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான்.

"ஏனுங்க அம்மிணி, ஒண்ணு கேக்கோணும்," என்றார் கலாமணி ரெஹானாவிடம். "ஓட்டம் முடிஞ்சு மெதுவா ஒரு சுத்து வர்றாங்கல்ல, நன்றிச் சுத்து. எல்லா மேடைக்கும் கையைத் தூக்கிக் காட்டறாங்க. எங்க மேடைக்கு மட்டும் ஒருத்தரும் தூக்கறதில்லீங்க."

"கவனிச்சிருக்க மாட்டாங்கக்கா."

"ஒருத்தர்னாச் செரி. பதினெட்டுப் பேருமா? வெயில்ல வந்தாத் தூக்கறாங்க. மழைன்னாத்தான் இல்லை. நாலு வருஷமாப் பாத்துட்டேன்." கலாமணி லேசாகச் சிரித்தார். "பெரிய காரியம் ஒண்ணுமில்லீங்க. எங்கூட நிக்கறவங்க, நாம என்னக்கா தப்புப் பண்ணுனோம்னு கேக்கறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியலை."

பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "நல்லாருக்கீங்ளாண்ணா?"

வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. "இருக்கறேனுங்க," என்றார் சென்னியப்பன், டீ டம்ளரைப் பார்த்து. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து அவர் பேசி இருபத்திரண்டு வருஷமாகிறது.

கலாமணி போன பிறகு ரெஹானா திரையை அவர் பக்கம் திருப்பினாள். மணி ஐந்து. வெளியே வெயில் வந்திருந்தது.

"அக்கா சொல்றது நெஜம் சார். இப்பத்தான் பாத்தேன். ஏழாம் நம்பர் கிட்ட வர்றப்ப உங்க ரெண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் புடிக்குது. மெதுவாப் போற சுத்துலயும் அப்படித்தான். ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க அங்க கையைத் தூக்கலை. அதனால இவங்க தூக்கணும்னு நினைச்சாலும் தசை விடறதில்லை."

சென்னியப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணும் இருக்கு சார். அந்த மேடைக்குக் கொஞ்சம் முன்னாடி உங்க கால் ஆக்சிலேட்டரை விட்டுடுது. கண்ணைச் சிமிட்டற நேரம்தான். கார் ஒரு ஆள் அகலத்துக்கு வலது பக்கம் ஒதுங்குது. இடது பக்கம் காலியா விட்டுட்டுப் போறீங்க. பதினெட்டுக் காரும் இப்ப அப்படித்தான் போகுது. நேரம் வீணாகுதுன்னு அணிக்காரங்க ரொம்ப நாளாச் சண்டை புடிக்கறாங்க." அவள் அவரைப் பார்த்தாள். "அங்க என்ன சார் இருந்துச்சு?"

"தண்ணி நிக்கும்," என்றார் சென்னியப்பன்.

"அங்க தண்ணி நிக்காது சார். தடத்தோட வடிகால் படம் எங்கிட்ட இருக்கு."

"அப்ப நின்னுச்சு அம்மிணி."

ரெஹானா மேலே கேட்கவில்லை. சட்டப்படி ஒருவருடைய உடற்பதிவு அவருக்கே சொந்தம். அதில் ஒரு துளி மாற்ற வேண்டுமென்றாலும் அவர் கைரேகை வேண்டும். அந்தத் தயக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் கையும் தூக்கலாம், நேரமும் மிச்சம், அணிகளும் வாயை மூடிக்கொள்ளும், கணினியிலிருக்கும் மாதிரித் தடத்தில் இன்றைக்கே ஓட்டிச் சரிபார்த்துவிடுகிறேன் என்றாள். சென்னியப்பன் கட்டை விரலை வைத்தார். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே முதல் பந்தயம். ஏழாம் நம்பரில் கலாமணி கொடி பிடித்திருந்தார். அவருடைய கணவர் திருமூர்த்தியும் அதே மேடையில் மார்ஷல். தென்னை நார் மில்லில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தடத்தில்தான் இருப்பார்கள். திடீரென்று சாரல் பிடித்தது. ஒரு கார் சுழன்று மேடையைத் தாண்டி நின்றது. திருமூர்த்தி அதைத் தள்ளத் தடத்தின் இடது ஓரமாக ஓடினார். இரண்டாவதாக வந்த சென்னியப்பனின் கார் வழுக்கி அவர்மேல் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போனது.

விசாரணையில் சென்னியப்பன் கொடியைப் பார்க்கவில்லை என்றார். ஹெல்மெட் கண்ணாடியில் சாரல் என்றார். விசாரணைக்காரர்கள் நல்லவர்கள், யாரையும் நோகடிக்க விரும்பவில்லை. "திடீர் மழையால் கொடி ஓரிரு நொடி தாமதமாகக் காட்டப்பட்டிருக்கலாம். யார்மீதும் குற்றமில்லை" என்று எழுதி மூடினார்கள். கொடி தாமதமாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்ற அந்த ஒரு வரியைக் கலாமணி வீட்டுக்குக் கொண்டுபோனார். தினமும் காலையில் நூறு தடவை கொடி தூக்க ஆரம்பித்தார்.

கொடியைச் சென்னியப்பன் பார்த்திருந்தார். நன்றாகவே பார்த்தார். மஞ்சள் நிறம் சாரலில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. முன்னால் போனவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பான், நான் எடுக்காவிட்டால் இந்த வளைவிலேயே முந்திவிடலாம் என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார். அதற்கு ஆன நேரம் அரை நொடிகூட இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சுள்ளென்ற வெயிலில் பந்தயம் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் பந்தய அதிகாரி வரதராசு திரைகளுக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் ரெஹானா. சென்னியப்பனுக்குக் கௌரவ நாற்காலி. கழுத்தில் சம்பங்கி மாலை இன்னும் இருந்தது.

பதினோராவது சுற்றில் மலைப் பக்கம் வெளுத்தது. சாரல் வருகிறது என்று அர்த்தம். தடம் நனைந்தது, மழைக்கை விழித்துக்கொண்டது, பதினெட்டுப் பேரும் சென்னியப்பன் ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு ஆகவில்லை. இரண்டாம் வளைவில் ஒரு கார் வழுக்கிப் புல்லுக்குள் போனது. நான்காவதில் இரண்டு. எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே வேகத்தில் வந்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கையோடு திரும்பினார்கள். சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த ஓட்டம் அவருக்குத் தெரிந்த ஓட்டம். முப்பத்துநாலு வயது வரைக்கும் அவர் அப்படித்தான் ஓட்டினார்.

"என்ன அம்மிணி இது?" என்றார் வரதராசு.

"தெரியலைங்க சார்." ரெஹானா பதிவைத் திறந்து அவசரமாகத் தேடினாள். "ஒரு எடத்துலதான் எடுத்தேன். ஒரே ஒரு எடம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஏழாம் நம்பரில் ஒரு கார் சுழன்று மேடையைத் தாண்டி நின்றது. ஆரஞ்சு அங்கி போட்ட இரண்டு பேர் ஓடினார்கள். மஞ்சள் கொடி மேலே இருந்தது. அடுத்து வந்த கார் வேகத்தைக் குறைக்கவில்லை. வழுக்கி, பக்கவாட்டில் வந்து, ஒரு மார்ஷலைத் தட்டிவிட்டு நின்றது.

வரதராசு சிவப்புக் கொடி காட்டச் சொன்னார். பந்தயம் நின்றது. அறையில் வானொலிக் குரல்கள் மட்டும் கேட்டன. தட்டிய காரின் ஓட்டுநர் மூச்சுவாங்கப் பேசினான். "கொடியைப் பாக்கலைங்க. சாரலுங்க. கொடியே தெரியலை."

 அது சென்னியப்பனுடைய பழைய வாக்குமூலம், வார்த்தை மாறாமல்.

"அந்தம்மா லேட்டாக் காட்டிருக்கும்," என்றார் வரதராசு, யாரிடமும் என்றில்லாமல். "ஏற்கெனவே ஒருக்கா அப்படித்தான் ஆச்சு. பாவம்னு விட்டு வெச்சது தப்பாப் போச்சு."

வானொலியில் கலாமணியின் குரல் வந்தது. பதட்டமில்லாமல், தேர்வு எழுதி முடித்த பிள்ளை தாளைக் கொடுப்பது போல வந்தது. "ஏழுலேருந்து கலாமணி பேசறேனுங்க. ஜோசப்புக்குக் கால் முறிஞ்சிருக்குது. உசுருக்கு ஒண்ணுமில்லை. ஆம்புலன்ஸ் வந்துருச்சு." கொஞ்ச நேரம் இரைச்சல். "கொடி நான் கொஞ்சம் லேட்டாக் காட்டிட்டேனுங்க போல. எனக்கு செரியாக் காட்டுன மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா போன தடவையும் எனக்கு அப்படித்தானுங்க இருந்துச்சு."

சென்னியப்பன் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். ஈரத் தடத்தில் மழைக்கை இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது விதி. பந்தயத்தை ரத்து செய்திருப்பார்கள், ரெஹானாவின் வேலை போயிருக்கும், கலாமணி வீட்டுக்குப் போய் நூறு தடவையை இருநூறாக்கியிருப்பார். சென்னியப்பன் அடுத்த வருஷம் வந்து மாலைக்குக் குனிந்திருப்பார். இதையெல்லாம் நினைத்துப் பார்க்க அவருக்கு நேரமும் இருந்தது. அரை நொடிக்கு மேலேயே இருந்தது.

அவர் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வரதராசுவின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார். அது எல்லா மேடைக்கும், எல்லாக் காருக்கும் கேட்கும்.

"சென்னியப்பன் பேசறேன்," என்றார். "கொடி லேட்டில்லீங்க. இன்னைக்கும் இல்லை, அன்னைக்கும் இல்லை. அன்னைக்கு நான் பாத்தேன். மஞ்சக் கொடி. தூரத்துலேயே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் காலை எடுக்கலை. முந்தோணும்னு எடுக்கலை. கண்ணாடில சாரல்னு சொன்னது பொய்ங்க." நிறுத்தினார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "அவங்க செரியான நேரத்துக்குத்தான் காட்டுனாங்க," என்று மறுபடி சொல்லிவிட்டு ஒலிவாங்கியை வைத்தார்.



வரதராசு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சென்னி, விசாரணை வரும்ப்பா. கம்பெனி, சங்கம், போலீசு எல்லாம் வரும்."

"வரட்டும்."

ரெஹானாவுக்கு மட்டும் வேறு எதுவோ புரிந்திருந்தது. "சார், உங்க மழைப் பதிவு எல்லாமே அந்த விபத்துக்கு அப்புறம் எடுத்ததுதானே?"

"ஆமாம்மிணி. அதுக்கு முன்னாடி மழைல நான் ஒரு ஆளே இல்லை. பழைய முடிவுகளை எடுத்துப் பாரு, தெரியும். ஒரு வருஷம் ஒதுங்கியிருந்தேன், திரும்பி வந்தப்ப மழையைக் கத்துக்கிட்டு வந்துட்டான்னு பேப்பர்ல எழுதுனாங்க. நான் ஒண்ணும் கத்துக்கலை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி, அங்க ஆள் இருக்குதான்னு பாப்பேன். பயம்தான் அது. மழைன்னா மட்டும் வரும்."

"அந்த ஒரு எடத்துல எடுத்தது எல்லா வளைவுலேருந்தும் போயிருச்சு," என்றாள் ரெஹானா மெதுவாக. "ஒரே நூல் சார். உருவிட்டேன். மாதிரித் தடத்துல வேகம் மட்டும்தான் பாத்தேன்." பழைய பதிவை மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் அவர் ரேகை வேண்டும், கூடவே காரணமும் எழுத வேண்டும். "காரணம்னு என்ன சார் போடறது?"

"பாத்தேன்னு போடு," என்றார் சென்னியப்பன்.

அன்றைக்குச் சாரல் சீக்கிரம் விடுவதாக இல்லை, மூன்றே முக்காலுக்கு அந்தச் சாரலிலேயே பந்தயம் மறுபடி தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. வேலிக்கு வெளியே போகிற மண் பாதையில் நனைந்துகொண்டே நடந்தார். ஆறாம் நம்பர் மேடையில் நின்றவர்கள் அவர் வருவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேற்றுவரை அவர்கள்தான் அவரிடம் கையெழுத்துக் கேட்டவர்கள்.

ஏழாம் நம்பரில் ஜோசப் இருந்த இடம் காலியாக இருந்தது. மற்ற இரண்டு பேரும் சென்னியப்பனைக் கண்டதும் மேடையின் மறு ஓரத்துக்குப் போனார்கள். கலாமணி திரும்பிப் பார்க்கவில்லை. கொடியைச் சுருட்டி இடுப்போடு பிடித்துக்கொண்டு தடத்தையே பார்த்தார். சென்னியப்பன் மூன்றடி தள்ளி நின்றார்.

கார்கள் வந்தன. ஒவ்வொன்றும் மேடைக்கு முன்னால் ஒரு சிமிட்டு நேரம் அடங்கியது, ஓர் ஆள் அகலம் வலப்பக்கம் ஒதுங்கியது, இடப்பக்கத்து ஈரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. நான்கு வருஷமாகக் கலாமணி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஓட்டுகிற முறை அப்படி என்று நினைத்திருந்தார்.

"அந்த எடம் அவருக்கா விடறாங்க?" என்றார், தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமாங்க."

அடுத்த சுற்றும் வந்தது. அதற்கடுத்ததும். கலாமணி கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. சாரல்தான் இருந்ததே, துடைத்தும் பிரயோஜனமில்லை. சென்னியப்பன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் அத்தனை தூரம் நடந்து வந்திருந்தார். அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

கடைசி மூன்று சுற்றில் சாரல் விட்டது. முடிவுக் கோட்டில் கறுப்பு வெள்ளைக் கொடி ஆடியபோது வெயில் அடித்தது. தடம் ஆவி விட்டுக் காய்ந்தது, மழைக்கை தூங்கிப்போனது. நன்றிச் சுற்றில் மெதுவாக வந்த ஒவ்வொரு ஓட்டுநரும் ஏழாம் நம்பருக்குக் கையைத் தூக்கினார். இதற்கு முன் எந்த வெயிலிலும் பார்க்காத அளவுக்கு உயரமாகத் தூக்கினார்கள். வானொலியை அவர்களும் கேட்டிருந்தார்கள். மறு ஓரத்தில் நின்ற இரண்டு மார்ஷல்களும் பதிலுக்குக் கையாட்டினார்கள். கலாமணி ஆட்டவில்லை.

கடைசிக் கார் போனதும் கலாமணி கொடியை விரித்து உதறினார், மறுபடி ஒழுங்காகச் சுருட்டினார், மேடையிலிருந்த குழாயில் செருகினார். செருகிய பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். கூட இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் கலாமணி. அண்ணா என்று சொல்லவில்லை. "வானொலில பாதிதான் கேட்டுச்சு. ஒரே இரைச்சல். நான் கொடி எப்பக் காட்டுனேன்னு இன்னொருக்கா சொல்லுங்க."

"செரியான நேரத்துக்குத்தானுங்க காட்டுனீங்க."

"அப்படியில்லை. முழுசா. அந்தக் கார் சுத்துனதுலேருந்து சொல்லுங்க."

சென்னியப்பன் மேடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்ததும் கலாமணி காய்ந்த தடத்தைப் பார்த்தபடி, "இன்னொருக்கா," என்றார்.